கோவலன் வழக்கு: குற்றவியல் மாணவர் ஒருவர் படித்தால்

மேற்படிப்பைப் பற்றிப் பேசும்போது படிவம் ஆறு மாணவர்கள் சிலர் குற்றவியலைப் பற்றி விசாரிக்கிறார்கள். "அது போலீஸ் படிப்பா ஐயா?" என்பது முதல் கேள்வி. "அப்போ வக்கீலாகலாமா?" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். சட்டம் படிப்பவர் இந்தச் செயல் எந்தப் பிரிவின் கீழ் வரும் என்று பார்ப்பார். குற்றவியல் படிப்பவர் அதற்கு முன்னாலும் பின்னாலும் போவார். ஏன் செய்தான், யாரைக் குற்றவாளி என்கிறோம், காவல்துறை எப்படி முடிவெடுக்கிறது, தண்டனைக்குப் பிறகு என்ன நடக்கிறது, பாதிக்கப்பட்டவர் என்ன ஆனார் என்றெல்லாம் கேட்பார். 'குற்றவியல் சட்டம்' என்ற தொடர் பழகிப்போனதால் மாணவர்களுக்கு இந்தக் குழப்பம். அதற்கு நாமும் ஒரு காரணம்.

வரையறை சொல்லி விளக்குவதைவிட, நம் கையிலேயே இருக்கும் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சிலப்பதிகாரத்தை நாம் வகுப்பில் நடத்தும் முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நாம் நேரே வழக்குரை காதைக்குப் போகிறோம். கண்ணகி வருகிறாள், வாயிற்காவலன் உள்ளே போய்ச் சொல்கிறான், பரல் தெறிக்கிறது, பாண்டியன் தன்னையே கள்வன் என்று சொல்லி உயிர்விடுகிறான். பிறகு பண்புநலன் வினா: 'நீதி தவறாத மன்னன்'. மாணவர் எழுதுகிறார், மதிப்பெண்ணும் வாங்குகிறார். ஆனால் குற்றம் நடந்த இடம் அதுவல்ல. அது கொலைக்களக் காதையில் இருக்கிறது. குற்றவியல் மாணவர் அங்கேதான் தொடங்குவார்.

முதலில் பொற்கொல்லனைப் பார்ப்போம். அவனை நாம் வெறும் வஞ்சகன் என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். இளங்கோ அவனை எப்படி அறிமுகப்படுத்துகிறார்? நூறு கொல்லர்கள் பின்னால் வர, சட்டை அணிந்து, கையில் கோலோடு ஒதுங்கி நடந்து வருகிறான். அரண்மனையில் செல்வாக்குள்ள ஆள். அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவன்தான். 1939-இல் எட்வின் சதர்லண்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 'வெள்ளைக் காலர் குற்றம்' என்ற கருத்தை முன்வைத்தார். குற்றம் ஏழைகளின் வேலை என்று நினைத்துக்கொண்டு, மதிப்பும் பதவியும் உள்ளவர்கள் தொழிலின் வழியாகச் செய்யும் குற்றங்களைப் பார்க்காமல் விடுகிறோம் என்பது அவர் வாதம். முதலாண்டிலேயே இதைப் படிக்க வேண்டியிருக்கும். கொலைக்களக் காதையை ஒழுங்காகப் படித்த மாணவருக்கு இதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்.

அடுத்து அரசனின் ஆணை. பாண்டியன் அப்போது அவையில் இல்லை. ஊடலில் தலைவலி என்று சொல்லிப் போன தேவியைத் தேடி அந்தப்புரம் போகிற வழியில் நிற்கிறான். 'கொல்ல' என்று சொல்ல வந்தவன் நா தவறிக் 'கொன்று' என்று சொல்லிவிட்டான் என்றொரு விளக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. கேட்கச் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அது நம் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. அந்த ஆணையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் என்கிறான் அரசன். இருக்கிறதா என்று பார்ப்பது யார்? காவலர்களோடு போகிறவன் பொற்கொல்லன்தான். புகார் சொன்னவனும் அவன், சாட்சியும் அவன், பொருளை அடையாளம் காட்டும் நிபுணனும் அவன். பொருளை இழந்த வீட்டுக்காரனே நீதிபதி. இதில் நாக்கு தவறினால் என்ன, தவறாவிட்டால் என்ன?

காவலர்கள் வருகிறார்கள். அவர்கள் கொலைக்கு அவசரப்படவில்லை, தயங்குகிறார்கள். இவன் தோற்றத்தைப் பார்த்தால் கள்வன் மாதிரி தெரியவில்லை என்கிறார்கள். இது நமக்கு நல்ல குணமாகத் தெரிகிறது. குற்றவியல் மாணவர் இங்கே சற்று நிற்பார். இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ 1876-இல், பிறவிக் குற்றவாளியை உடல் அடையாளங்களை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதைத் தள்ளிவிட்டன. முகத்தைப் பார்த்துக் கள்வன் என்பது தவறானால், முகத்தைப் பார்த்துக் கள்வன் இல்லை என்பதும் அதே தவறுதான். முகத்தை மட்டும் நம்பிய தயக்கம் என்பதால், பொற்கொல்லன் அதைச் சிரித்துக்கொண்டே உடைக்கிறான்.

அவன் உடைக்கும் விதம் இருக்கிறதே, அதுதான் இந்தக் காதையின் உச்சம் என்பேன். கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று அடுக்குகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. தமிழில் ஒரு களவு நூல் பாடமே போல இருக்கிறது. கவனியுங்கள், அவன் சொல்வது எல்லாம் கள்வர்களைப் பற்றிய பொதுச்செய்தி. கோவலனைப் பற்றிய ஆதாரம் அதில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் காவலர்களின் மனம் மாறுகிறது. இளைஞன் ஒருவன், மழைபெய்த இருட்டில் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த ஒரு திருடனின் கதையைச் சொல்கிறான். அதுவும் வேறொருவனைப் பற்றியது. அதோடு இன்னொன்றும் சொல்கிறான்: அரசன் நம்மைத் தண்டிப்பான். தப்பவிட்டால் நமக்குத்தான் கேடு என்ற பயம்! காவல்துறையைப் பற்றிய படிப்பில் மேலதிகாரியின் அழுத்தம் என்று தனியாகவே பேசும் விஷயத்தை இளங்கோ ஒரு வரிக்குள் வைத்திருக்கிறார். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

காவலர் வந்த பிறகு கோவலன் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. 'உள்ளே என்ன பரல்?' என்று கேட்டிருந்தால் போதும். பிறகு கண்ணகி நிரூபித்தது அந்த ஒரே கேள்வியை வைத்துத்தானே? மாணிக்கமா, முத்தா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 5-வது விதி, கைதானவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் 9-வது விதி இதையே 48 மணி நேரம் என்கிறது. இந்த எண்களை மாணவர்கள் மனப்பாடம் செய்வதுண்டு. எதற்காக இந்த எண்கள் என்பதற்குக் கோவலனைவிட நல்ல விளக்கம் நம்மிடம் இல்லை.

சரி, உயிர்விட்ட பாண்டியன் நீதிமான் இல்லையா? அவன் மனச்சான்றை நான் குறைக்கவில்லை. ஆனால் காப்பியமே ஓர் ஒப்பீட்டைத் தருகிறது, நாம்தான் நடத்துவதில்லை. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வார்த்திகன் கதையைச் சொல்கிறது. அவன் மகனுக்கு ஒருவர் அணிகலன்களைப் பரிசாகத் தருகிறார். அரசாங்க ஆட்கள் அதைக் கண்டு, புதையலை எடுத்துக்கொண்டான் என்று தந்தையைச் சிறையில் போடுகிறார்கள். அவன் மனைவி கதறுகிறாள், ஐயை கோயில் கதவு திறக்க மறுக்கிறது, பாண்டியன் விசாரித்து உண்மையை அறிகிறான். அவன் என்ன செய்தான்? வார்த்திகனிடம் பொறுத்தருளக் கேட்டு, திருத்தங்கால், வயலூர் என்ற ஊர்களைக் கொடுத்தான். அத்தோடு விடவில்லை. சிறைகளைத் திறக்கச் சொன்னான்; வரி பாக்கியைத் தள்ளினான்; புதையல் கண்டெடுத்தவருக்கே சொந்தம் என்று முரசறைந்து விதியையே மாற்றினான். நெடுஞ்செழியன் தன்னைத் தண்டித்துக்கொண்டான். அடுத்த கோவலனைக் காக்கும் விதி எதுவும் அவனுக்குப் பின் மிஞ்சவில்லை.

ஊழ்வினை என்று எழுதி முடிப்பவர்களும் அதே காதையில் வரும் முற்பிறப்புக் கதையைப் படிக்கலாம். அங்கே பரதன் என்ற பெயரில் இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுக்கிறான். அரசன் நம்புகிறான், வணிகன் சாகிறான். ஆட்கள்தான் மாறுகிறார்கள், நடைமுறை மாறவில்லை.

கடைசியில் கொற்கை. வெற்றிவேற்செழியன் ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிடுகிறான். இதைப் படிக்கும்போது வகுப்பில் யாரும் கையைத் தூக்குவதில்லை. ஒருவன் செய்த களவுக்கு ஒரு தொழிலையே கள்வர் என்று முத்திரை குத்தியதற்கு நம் விளக்கவுரைகளில் எத்தனை கேள்வி எழுந்திருக்கிறது? முத்திரை குத்துவதைப் பற்றி ஹோவர்ட் பெக்கர் 1963-இல் எழுதிய நூல் குற்றவியல் மாணவர்களுக்கு அடிப்படைப் பாடம். நம் மாணவர் அந்த வகுப்பில் எழுந்து கொற்கையைப் பற்றிப் பேசினால் விரிவுரையாளர் நிச்சயம் காது கொடுப்பார்.

தேர்வு எழுதுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 'பாண்டியனின் நீதி' பற்றிய வினாவில் இவற்றைச் சேர்ப்பதானால் காதைப் பெயரைச் சரியாக எழுதுங்கள். காவலர் தயக்கம் கொலைக்களக் காதை. வார்த்திகனும் பரதனும் கட்டுரை காதை. பொற்கொல்லர் பலி நீர்ப்படைக் காதையிலும் உரைபெறு கட்டுரையிலும் வருகிறது. கட்டுரை காதையையும் உரைபெறு கட்டுரையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வருடாவருடம் சிலர் குழப்புகிறார்கள்.