சுண்டுவிரலின் அரசியல்: ஒரு விசைப்பலகையை முன்வைத்து

மூன்று மாதமாக வலது சுண்டுவிரலில் வலி. டாக்டர் ‘டைப் அடிக்கிறதைக் குறைங்க’ என்றார். எழுத்தைக் குறைக்கச் சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. இளைய நண்பர் ஒருவர், ‘மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குங்க, எல்லாமே உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்’ என்று ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போனார். அந்த ‘உங்க இஷ்டம்’ என்கிற சொல்லாடலைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இந்தப் பலகையில் ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனி ஸ்விட்ச். அதற்குள் ஒரு சுருள்வில். ஜெர்மன் நிறுவனமான செர்ரி 1980களில் கொண்டுவந்த வடிவம்தான் இன்றும் அடிப்படை. 2014 வாக்கில் அதன் காப்புரிமை தீர்ந்ததும் சீன நிறுவனங்கள் அதையே மலிவாகச் செய்ய ஆரம்பித்தன. வகைகளை நிறத்தால் சொல்கிறார்கள். சிவப்பு, தடையில்லாமல் நேராக இறங்கும். பழுப்பில் நடுவழியில் ஒரு சின்ன முட்டு. நீலம், முட்டோடு ‘டிக்’ என்று சத்தமும் போடும். செர்ரியின் சிவப்புக்கு 45 கிராம் அழுத்தம் போதும், கறுப்புக்கு 60. விசை 4 மில்லிமீட்டர் இறங்கும்; பாதி வழியிலேயே எழுத்து பதிவாகிவிடும். விசைமூடியில் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சீக்கிரம் வழவழத்துப் போகும், பிபிடி தாங்கும். கடைப்பையன் எதையும் மறைக்காமல் சொன்னான். கல்லில் கூழாங்கல் விழுகிற மாதிரி சத்தம் வர உள்ளே நுரைப்பஞ்சு வைக்கலாம், வில்லுக்கு எண்ணெய் போடலாம் என்றான். ‘தமிழ் எழுத்து போட்ட மூடி இருக்கா தம்பி?’ என்றேன். ஜப்பானிய எழுத்து போட்டது இருந்தது.

எடை, நிறம், சத்தம் எல்லாம் என் தேர்வு. மொழி மட்டும் தேர்வுப் பட்டியலிலேயே இல்லை. நுகர்வுப் பண்பாடு சுதந்திரம் என்று விற்பது பெரும்பாலும் இந்த வகைச் சுதந்திரத்தைத்தான்.

ஒரு வேடிக்கை. பலகைக்கு எந்த மொழியும் தெரியாது. அது கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை, விசையின் எண்ணை அனுப்புகிறது. இடக்கை சுண்டுவிரல் அமர்ந்திருக்கும் விசைக்கு எண் 4. அந்த 4, ‘ஏ’ ஆவதும் ‘அ’ ஆவதும் கணினிக்குள் நடக்கிற காரியம். ஆனால் யூஎஸ்பி தர ஆவணம் அந்த 4க்கு வைத்திருக்கும் பெயர் ரோமன் ‘ஏ’. எண்ணாக இருந்தபோது எல்லோருக்கும் பொதுவாக இருந்த விசை, பெயர் வாங்கியதும் ஒரு மொழியின் சொத்தாகிவிட்டது.

எனவே மூடியை விட்டுவிட்டு எழுத்தடுக்குக்கு வருவோம். நான் அடிப்பது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவாகி, அந்த ஆண்டே தமிழக அரசு தரமாக அறிவித்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மூளை வேலை. உயிர் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, புள்ளி தானே விழும். தமிழை ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக்கும் முறையைவிட இது எவ்வளவோ சுயமரியாதை உள்ளது.

ஆனால் வலது சுண்டுவிரலின் பாகத்தைப் பாருங்கள். ண, ச, ஞ, ந, ய, ழ எல்லாம் அதன் தலையில். போதாததற்கு ஷிஃப்ட். ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் இடக்கை மேல்வரிசையில் ஷிஃப்டோடுதான் வரும். தட்டச்சுப் பாடப்படி அந்த ஷிஃப்டை அழுத்துவது வலது சுண்டுவிரல். அடுக்கு ஒரு நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. இந்த ஒலிகள் உள்ளே வரலாம், ஆனால் சுங்கம் கட்டிவிட்டு.

எனக்கும் தனித்தமிழ் இயக்கத்தின் மேல் மரியாதை உண்டு. அதன் எதிரி யார் என்பதும் தெரியும். ஆனால் என் கதைகளில் வரும் ஜனங்கள் ‘கஷ்டம்’ என்பார்கள், ‘புருஷன்’ என்பார்கள், ‘ஜாதி’ என்பார்கள். அவர்கள் வாயில் ‘சாதி’யை வைத்தால் அது என் குரல், அவர்களுடையது அல்ல. ஒரு பக்கத்தில் முப்பது முறை சுங்கம் கட்டிய விரல்தான் இப்போது வலிக்கிறது. வலி தாங்காமல் எத்தனை ‘கஷ்ட’ங்களைத் ‘துன்ப’மாக்கினேனோ, எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பலகையை மாற்றுவது அலங்காரம் என்பதைத் தாண்டி வேறொன்றாகிறது. இதன் உள்நிரல் திறந்த மூலம். க்யூஎம்கே என்று பெயர். எந்த விசை எந்த எண்ணை அனுப்ப வேண்டும் என்று நாமே எழுதலாம். ஷிஃப்டைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தேன். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. கேப்ஸ் லாக் வெட்டியாகக் கிடந்தது, அதை மொழி மாற்றும் விசையாக்கினேன். சுண்டுவிரலின் ஆறு விசைகளுக்கு மட்டும் இலேசான ஸ்விட்சைப் பிடுங்கிச் செருகினேன். ழ இன்னும் மூலையில்தான். அதை நகர்த்தினால் வேறு கணினியில் கை திணறும், விட்டுவிட்டேன்.

நீல ஸ்விட்ச் வாங்கியதைத்தான் அக்கா கேலி செய்தாள். அவள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் முடித்தவள். கோர்ட்டு வாசலில் பக்கக் கணக்குக்குப் பதினோரு வருஷம் டைப் அடித்தாள். ‘இந்தச் சத்தத்துக்குத்தானடா வீட்டுக்காரர் எங்களைக் காலி பண்ணச் சொன்னாரு. நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்க?’ அந்தக் காலத்து ஆங்கிலத்தில் ‘டைப்ரைட்டர்’ என்ற சொல் இயந்திரத்தையும் அதில் வேலை செய்த பெண்ணையும் சேர்த்தே குறித்தது. ஜெர்மன் சிந்தனையாளர் ஃபிரெட்ரிக் கிட்லர் 1986இல் வந்த தன் நூலில் இதைப் பேசுகிறார். நம் இலக்கிய வரலாறுகள் கையெழுத்துப் பிரதியைப் பேசும், அச்சுப் பிரதியைப் பேசும். நடுவில் இருந்த தட்டச்சுப் பிரதியையும் அடித்தவளையும் பேசியதாக எனக்கு நினைவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் போன ஆர். முத்தையா 1930களில் தமிழுக்குத் தட்டச்சு இயந்திரம் அமைத்ததைச் சொல்வோம். 1935இல் ‘குடி அரசு’ எழுத்துச் சீர்திருத்தம் செய்ததையும், 1978இல் அரசு அதை ஏற்றதையும் சொல்வோம். றா, னை மாறியபோது பழகிய விரல்கள் என்ன பட்டன என்று அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

‘அடிச்சுப் பாருக்கா’ என்று பலகையைத் தள்ளினேன். திரையைப் பார்க்காமலே யளனகபக என்று விரல்கள் ஓடின. திரையில் அ, இ, உ என்று என்னவோ விழுந்தது. பழைய தட்டச்சு அடுக்குக்கு மாற்றிக் கொடுத்தேன். பழைய மெஷினில் புள்ளியை முதலில் அடிக்க வேண்டும். தாள் நகராது, பிறகு எழுத்து வந்து அதன் கீழே உட்காரும். அந்த ஞாபகத்தில் புள்ளி, எழுத்து, புள்ளி, எழுத்து என்று கொஞ்ச நேரம் தடுமாறினாள். அப்புறம் வேகம் பிடித்தது. மோதிர விரல் மேல்வரிசைக்குப் போய் ழவை எடுத்துவிட்டுத் திரும்பியது.

‘இது எங்க இருக்கு ஒன்னோடதுல?’

கீழ்வரிசை மூலையைக் காட்டினேன்.

‘அங்கயா?’ என்றாள். ‘யாருடா வச்சது?’