குதிரையோட்டியின் பெயர் என்ன?

"தலைவர் பெயரில் கிண்ணம் வைத்தால் என்ன குற்றம்? ஹைரோன் இல்லாவிட்டால் பிந்தார் பாடியிருப்பாரா?" இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில் மென்பந்துப் போட்டிப் பரிசளிப்பில் படித்த நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

பாதி உண்மைதான். பண்டைய கிரேக்க நகரான சிரக்யூஸின் தனியாட்சியாளர் ஹைரோன், கவிஞர் பிந்தாரையும் நாடகாசிரியர் ஈஸ்கிலஸையும் ஆதரித்தார். நம் தோட்டங்களிலும் பந்து, வலை, சீருடை, லொறிக் கூலி எல்லாம் பெரும்பாலும் யாரோ ஒரு தலைவர் தருபவை. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கவே திண்டாடும் லயத்தில் நின்றுகொண்டு அந்த உதவியைத் தூற்ற மாட்டேன்.

ஆனால் மீதிப் பாதியை நண்பர் சொல்லவில்லை. கி.மு. 476இல் ஒலிம்பியாவில் ஹைரோனின் குதிரை வென்றது. அந்த வெற்றிக்குப் பிந்தார் பாடிய பாடலில் ஹைரோன் இருக்கிறார். பெரெனிகோஸ் என்ற குதிரையும் இருக்கிறது. அதன் முதுகில் உயிரைப் பணயம் வைத்தவனுக்குப் பெயரே இல்லை. குதிரை, தேர்ப் போட்டிகளில் வெற்றி முடி உடைமையாளருக்கே உரியதாக இருந்தது. கி.மு. 416இல் ஏழு தேர்களை இறக்கிய ஏதென்ஸ் அரசியல்வாதி அல்கிபியாடிஸும் அப்படித்தான் வென்றார். உடைமையான வெற்றி கைமாறவும் செய்யும். நாடு கடத்தப்பட்டிருந்த ஏதென்ஸ்காரர் கிமோன், தன் தேர் வெற்றியை ஏதென்ஸின் தனியாட்சியாளர் பெய்சிஸ்ட்ரடஸின் பெயரில் அறிவிக்கச் செய்த பிறகே ஊர் திரும்பினார் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்.

நம் கிண்ணங்களும் அந்தத் தேர்ப்போட்டியின் வழிதான். பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் பதாகையில் தலைவர் ஆளுயரத்துக்கு நிற்கிறார். வென்ற பதினொரு பேரின் பெயர் எங்கும் இல்லை. விடியலில் றப்பர் பால் வெட்டி, மாலையில் பந்து வீசிய பையனின் விக்கெட் கணக்கு ஒரு கொப்பியில்கூட இல்லை. தேர்தல் வந்ததும் அவன் வியர்வை தலைவரின் சேவைப் பட்டியலில் ஏறுகிறது. நாட்டுக்கே இந்தப் பழக்கம் உண்டு: 2011 கிரிக்கெட் உலகக் கிண்ணப் போட்டிகள் நடந்த சூரியவெவ மைதானம், அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் பெயரைத் தாங்கியது.

அதே ஒலிம்பியாவில் ஓடியவரே முடி சூடிய போட்டியும் இருந்தது. கி.மு. 776இல் வென்றவராகக் குறிக்கப்படும் எலிஸ் ஊர்க் கொரோய்போஸ் ஒரு சமையற்காரர் என்கிறது மரபு. அந்த உழைப்பாளியின் பெயர் இன்றும் நிற்கிறது.

தலைவர் கிண்ணம் தரட்டும். அதன் அடியில் வென்றவர்களின் பெயர்கள் பொறிக்கப்படட்டும். தோட்டப் பாடசாலைச் சுவரிலும் ஏறட்டும். அதற்கு மனமில்லாதவரின் காசு நம் மைதானத்துக்கு வேண்டாம். கிழிந்த பந்தோடு ஆடினாலும், ஆடியவன் பெயரோடு ஆடுவோம்.