டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன்: நோயுற்ற கணினிக்கு வெளியிலிருந்து ஒரு சோதனை

வைரஸ் முற்றிய வீட்டுக் கணினி தன் நிலையைப் பற்றித் தானே தரும் தகவல் எதையும் நம்ப இயலாது. 2003 முதல் அறியப்பட்டுள்ள சாலிட்டி வைரஸ் இஎக்ஸ்இ கோப்புகளில், அதாவது சொடுக்கியதும் நிரலாக ஓடத் தொடங்கும் கோப்புகளில், தன்னை ஒட்டிக்கொண்டு ஆன்டிவைரஸை முடக்குகிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், நிர்வாகி அதைத் தடைசெய்துள்ளார் என்ற செய்தி தோன்றும். அதைக் கண்டு உரிமையாளர் தம்மேல்தான் தவறோ என்று குழம்பவேண்டியதில்லை, அது வைரஸின் வேலை. இன்றியமையாத கூறுகளை மட்டும் ஏற்றிக் கணினியைத் தொடங்கும் சேஃப் மோடுக்கான பதிவுகளையும், விண்டோஸின் அமைப்புக் களஞ்சியமான ரெஜிஸ்ட்ரியிலிருந்து, சாலிட்டி அழித்துவிடுவதால், பழுதுபார்ப்போர் முதலில் நாடும் அவ்வழியும் அடைபடுகிறது.

2016 முதல் விண்டோஸிலேயே இடம்பெற்றுள்ள டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேனின் உண்மையான வலிமை இங்கேதான் தெரிகிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று அதைத் தேர்ந்தெடுத்தால், கணினி மறுதொடக்கமாகி, வழக்கமான விண்டோஸை ஏற்றாமல் ரெக்கவரி சூழலில், அதாவது பழுதுநீக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட சிறு இயங்குதளத்தில், நின்றுகொண்டு சோதிக்கிறது. வைரஸ் அப்போது ஓடிக்கொண்டிருப்பதில்லை. வட்டில் வெறும் கோப்பாகக் கிடப்பதால் அதனால் ஒளியவோ எதிர்க்கவோ முடிவதில்லை. ஏறத்தாழ 15 நிமிடங்களில் சோதனை முடிந்து கணினி தானாகவே விண்டோஸுக்குத் திரும்ப, முடிவுகளை புரொடெக்ஷன் ஹிஸ்டரியில் காணலாம்.

எனினும் பெரிய ஹார்டு டிஸ்க்கின் ஒவ்வொரு கோப்பையும் 15 நிமிடங்களில் பார்த்துவிட முடியாது. அதைவிடப் பெரிய குறை, வைரஸ்களின் அடையாளப் பட்டியலான டெஃபினிஷன்களை இக்கருவி அதே கணினியிலிருந்தே பெறுவது. வைரஸ் அப்டேட்டைத் தடுத்திருந்தால் பழைய பட்டியலோடுதான் சோதனை நடக்கும். ஆகவே நோய் முற்றிய கணினிக்கு, நலமான வேறொரு கணினியில் காஸ்பர்ஸ்கி ரெஸ்க்யூ டிஸ்க்கைத் தரவிறக்கிப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குவதே மேலானது. லினக்ஸில் இயங்கும் இக்கருவி பல மணி நேரம் எடுத்துக்கொண்டாலும், எல்லா டிரைவ்களையும் முழுமையாகத் துருவக்கூடியது என்பதால் அந்தக் காத்திருப்பு தகும்.

நீக்குவது வேறு, மீட்பது வேறு. சாலிட்டி ஒட்டிய கோப்பிலிருந்து அதன் பகுதியை வெட்டியெடுத்தாலும், கோப்பு பழைய வடிவத்துக்கு அப்படியே திரும்பும் என்ற உறுதி இல்லை. நூற்றுக்கணக்கான இஎக்ஸ்இ கோப்புகள் தொற்றியிருந்தால், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே முறை. பழைய மென்பொருள்களின் செட்டப் கோப்புகளை, எவ்வளவு அரியவையாயினும், நகலில் சேர்க்கலாகாது. வீட்டிலுள்ள பென்டிரைவ்களையும் ரெஸ்க்யூ டிஸ்க்கில் சோதித்த பிறகே புதிய விண்டோஸில் செருகவேண்டும்; விண்டோஸ் 7 முதல் பென்டிரைவைச் செருகியதும் நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் நிறுத்தப்பட்டிருந்தாலும், அதிலுள்ள தொற்றிய கோப்பை ஒருவர் கையால் ஒருமுறை சொடுக்கினாலே சாலிட்டி மீண்டும் குடியேறிவிடும்.