ஸ்பீடு கில்ஸ்: படகைக் காணோம்

பழைய பவர்போட் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் குதிரைத்திறன் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். ஜான் ட்ரவோல்டா நடித்த 'ஸ்பீடு கில்ஸ்' (2018) படமும் ஏறக்குறைய அப்படித்தான். கதாநாயகன் பெயரை மாற்றியிருந்தாலும் இது டான் அரோனோவின் கதை. டான்ஸி, மேக்னம், சிகரெட் என்று வரிசையாகப் படகுக் கம்பெனிகள் தொடங்கியவர்; 1987 பிப்ரவரியில், அந்தக் கம்பெனிகள் இருந்த மயாமி தெருவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்.

படத்தில் போதைப்பொருள் இருக்கிறது, கொலை இருக்கிறது, பந்தயமும் இருக்கிறது. இந்தப் படகுகள் கொந்தளிக்கும் கடலில் எப்படி ஓடின என்ற கேள்வியில் மட்டும் படம் நிற்கவே இல்லை.

பதில் அடிப்பாகத்தில் இருக்கிறது. அதற்கு முந்தைய வேகப் படகுகளுக்குப் பின்பக்க அடி கிட்டத்தட்ட தட்டை. ஏரியில் பறக்கும், கடலில் ஒவ்வொரு அலையிலும் படார் படார்னு அறையும். ரே ஹன்ட் 'வி' வடிவ அடியைப் பின்முனை வரை ஆழமாகவே கொண்டுபோனார். படகு அலையை வெட்டிக்கொண்டு இறங்கியது. பதிலுக்கு என்ஜின் சக்தி கூடுதலாகத் தேவைப்பட்டது. நிறுத்தினால் ஆட்டமும் அதிகம். 1960 மயாமி–நாசாவ் பந்தயத்தில் ரிச்சர்ட் பெர்ட்ராமின் 'மாப்பி' அந்த அடியோடு சுமார் 8 மணி நேரத்தில் ஜெயித்தது. அரோனோவுக்குப் பேர் வாங்கித் தந்த படகுகள் அதன் வாரிசுகள்தான்.

புரோகிராம் மெதுவாக ஓடினால் உடனே பெரிய சர்வர் கேட்கிறவர்களோடு வேலை பார்க்கிறவன் நான். அதனால்தான் இந்தக் கோபம். வரைபலகை முன் ஹன்ட் யோசிப்பதாக இரண்டு நிமிஷம் வைத்திருந்தால் மீதியை மன்னித்திருப்பேன்.