விண்மீனும் திருப்பெயரும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் கணினியில் வடிவமைக்கப்பெற்ற திருமண அழைப்பிதழ் ஒன்று அண்மையில் நம் கைக்கு வந்தது. எண்முனை விண்மீன்கள் தாள் முழுவதும் பிசிறின்றி நிரம்பியிருந்தன. அவற்றின் இடையே 'அல்லாஹ்' என்னும் அரபுச் சொல். ஒரு கட்டத்தில் நேராக இருந்த சொல் அடுத்த கட்டத்தில் இடவலம் மாறிக் கிடந்தது. தாளின் விளிம்பில் பாதியாக வெட்டுண்டிருந்தது. விண்மீன்களும் விளிம்பில் வெட்டுண்டே இருந்தன. ஆயினும் அவை நம் கண்ணை உறுத்தவில்லை. இவ்வேறுபாடு சிந்தனைக்குரியது.

ஓர் உருவைப் படியெடுத்துத் தளத்தை நிரப்பும் சமச்சீர் முறைகள் 17 மட்டுமே என்பதை 1891இல் ரஷிய அறிஞர் ஃபெதரோவ் நிறுவினார். 2003இல் தோன்றிய இங்க்ஸ்கேப் என்னும் கட்டற்ற மென்பொருள் அந்தப் பதினேழையும் ஒரே பட்டியலில் தருகிறது. உருவை நகர்த்தலாம், சுழற்றலாம், கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பலாம். மூல உருவைத் திருத்தினால் படிகள் அனைத்தும் தாமே திருந்தும்.

இதை அந்நியக் கருவி என்று ஒதுக்குவதற்கில்லை. ஆக்ராவில் பணியாற்றிய நுண்ணுயிரியலாளர் ஹாங்கின், ஃபதேபூர் சிக்ரியின் குளியல் மண்டபச் சுவரில் மங்கலாகக் கீறப்பட்டிருந்த பல்கோணங்களைக் கண்டார். அவற்றின் மேல் விண்மீன்கள் வரையப்பெற்ற முறையை அவர் விளக்கிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1925இல் வெளியிட்டது. அம்முறையைக் கணினிக்கு உரியதாக்கி கிரெய்க் கப்லான் 2005இல் ஆய்வுக்கட்டுரை எழுதினார். முகலாயக் கைவினைஞரின் வடிவியலே கணினிக்குள்ளும் இயங்குகிறது.

எனின் பிழை எங்கே? எண்முனை விண்மீனைக் கண்ணாடியில் காட்டினாலும் அது அதே விண்மீன். விளிம்பில் அறுபட்டாலும் எஞ்சியதைக் கண் நிரப்பிக்கொள்ளும். சொல்லுக்கோ திசை உண்டு. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தைத் திருப்பினால் அது சொல்லாகவே நில்லாது.

உஸ்மானியர் வளர்த்த 'முஸன்னா' எழுத்தும் பிம்பம்தானே எனலாம். அங்கே நேரெழுத்து முழுமையாக நிற்க, பிம்பம் அதற்கு இணையாகிறது. இரண்டும் சேர்ந்து ஒரே ஓவியமாக நிறைவுறுகின்றன. சமர்கந்தின் கூர்-இ-அமீர் சுவர்களில் சதுரக் கூஃபி எழுத்தில் திருப்பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே திரும்பச் செய்தல் குற்றமன்று. சொல்லைச் சொல்லாக எண்ணாமையே குற்றம்.

மென்பொருளுக்கு விண்மீனும் திருப்பெயரும் வெறும் 'பொருள்'களே. பிரித்தறிதல் நம் கடமை. சொல்லை அடுக்குவோர் பிம்ப முறைகளைத் தவிர்த்து, நகர்த்தலையோ சுழற்றலையோ தேர்ந்து, விளிம்புக்குள் முழுச் சொற்கள் அடங்குமாறு வரிசைகளை வகுக்கட்டும். மணநாள் முடிந்ததும் குப்பையில் சேரும் தாளுக்கோ விண்மீனே போதும்.