சந்தாப் பணத்தில் எழும் மேடை

ஒரு சங்கீத விழாவை எடைபோடப் புகும் விமர்சகன், பாடகரின் சுருதி சுத்தத்தையும் வாத்தியக்காரரின் லய நிர்ணயத்தையும் கவனிப்பதற்கு முன்பாக, அந்த மேடைக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வது அவசியம் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், யார் பாடுவது, எத்தனை நேரம் பாடுவது, கேட்க வருகிறவர்களை எங்கே எப்படி உட்கார வைப்பது என்பன போன்ற தீர்மானங்கள் யாவும் கடைசியில் பணம் கொடுத்தவர் கைக்கே போய்ச் சேர்கின்றன. கல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் மாணவர் விழாவான ‘சம்ஸ்கிருதி’யையும், அந்நகரத்துக் கல்லூரிகளில் ‘சோஷியல்’ என்ற பழைய பெயரால் வழங்கும் ஆண்டு விழாக்களையும் இந்த நோக்கில் அலசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

ஜாதவ்பூரின் பூர்வோத்தரமே நன்கொடையில் தொடங்குவது. வங்கப் பிரிவினையை எதிர்த்த சுதேசிக் கிளர்ச்சியின் வேகத்தில், அந்நிய அரசாங்கத்தின் கல்வி எங்களுக்கு வேண்டாம் என்று 1906-இல் தேசியக் கல்விக் கழகம் தோன்றியபோது, சுபோத் சந்திர மல்லிக் ஒரு லட்சம் ரூபாயும், பிரஜேந்திர கிஷோர் ராய்சௌத்ரி ஐந்து லட்சம் ரூபாயும் அளிக்க முன்வந்தார்கள். மல்லிக்கின் கொடையைக் கேட்டு மகிழ்ந்த ஜனங்கள், எந்தச் சர்க்காரும் வழங்காத ‘ராஜா’ பட்டத்தைத் தாங்களே அவருக்குச் சூட்டினார்கள். அக்கழகத்தின் வித்தே பின்னர் 1955 டிசம்பர் 24 அன்று ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. கலைப் பிரிவு மாணவர் மாதத்துக்கு 75 ரூபாயும், பொறியியல் மாணவர் 200 ரூபாயும் கட்டணமாகச் செலுத்திப் படித்துவந்த இடம் அது. ஆகவே அங்கே விழா நடத்தும் மாணவர் பணம் என்று சொல்லும்போது, செல்வந்தர் பிள்ளைகளின் கைச்செலவைக் குறிக்கவில்லை என்பதை வாசகர் மனத்தில் கொள்ளவேண்டும்.

வங்காளத்தில் பொது விழா எதுவும் பெரும்பாலும் இப்படிச் சிறுகச் சிறுகத் திரட்டிய பணத்தில்தான் நடந்துவந்திருக்கிறது. ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாடா என்னும் ஊரில், பதினெட்டாம் நூற்றாண்டில், பன்னிரண்டு நண்பர்கள் ஒன்றுகூடிப் பணம் சேர்த்து நடத்திய பூஜையிலிருந்தே, ‘பன்னிரு தோழர்’ என்று பொருள்படும் ‘பாரோயாரி’ பூஜைச் சம்பிரதாயம் பிறந்தது என்பார்கள். துர்கா பூஜைப் பந்தலுக்கு வீடுவீடாகத் திரட்டும் தொகையை வங்காளிகள் ‘சாந்தா’ என்கிறார்கள். பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் நாம் கட்டும் ‘சந்தா’வும் அந்தச் சொல்லே. சந்தா கொடுத்தவனுக்கு அந்தப் பந்தல் தன்னுடையது. குறை சொல்லும் உரிமையும் அவனுடையது. கல்லூரி மேடைக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இவ்வகை மேடையின் முதற்பலம், புதியவர்களைத் துணிந்து மேடையேற்றுவது. டிக்கெட் விற்பனையை நம்பி வாழும் சபை, ஏற்கெனவே பிரசித்தி பெற்றவரையே நாடும். சந்தாவால் வாழும் மேடைக்கு அந்தப் பயம் குறைவு. பிரெசிடென்சி கல்லூரியில் படித்த கௌதம் சட்டோபாத்யாயரும் அவர் தோழர்களும் 1975-இல் ‘மொஹீனேர் கோடாகுலி’ என்ற குழுவை அமைத்து, பாவுல் என்னும் நாட்டுப்பாடல் மரபையும் மேல்நாட்டு ராக் இசையையும் கலந்து பாடியபோது, நகரத்தின் பெரிய மனிதர்கள் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. அவர்களுடைய பாட்டுக்கள் பரவலான புகழ் பெற்றது சுமார் இருபது வருஷங்களுக்குப் பின்பு, 1995-இல் ஒரு புதிய தொகுப்பு வெளிவந்ததற்கு அப்புறந்தான். ஜாதவ்பூரில் ஆங்கில இலக்கியம் பயின்ற சுமன் சட்டோபாத்யாயர், பிற்காலத்தில் கபீர் சுமன் என்று பெயர் மாற்றிக்கொண்டவர், 1992-இல் ‘தோமாகே சாய்’ என்ற பாட்டுத் தொகுப்பின் மூலம் வங்காளப் பாட்டின் திசையையே திருப்பினார். சந்திரபிந்து, காக்டஸ், ஃபாசில்ஸ் முதலான குழுக்கள் தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்பும் பரவியதற்குக் கல்லூரி விழாக்களின் இளம் ரஸிகர்களே பேராதரவாக நின்றார்கள்.

இரண்டாவது பலம், கேட்கும் பயிற்சி. 1952 முதல் நடந்துவரும் டோவர் லேன் சங்கீத மாநாட்டில், குளிர்காலத்து இரவு முழுதும் கண்விழித்துக் காலைப் பொழுதின் ராகம் வரையில் காத்திருந்து கேட்கும் நகரம் அது. லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களும் அந்தப் பழக்கத்தில் தோய்ந்தவை. பல்கலைக்கழகத்துத் திறந்தவெளி அரங்கில் நண்பர்களோடு தரையில் அமர்ந்து, முன்பின் கேள்விப்படாத ஒருவனுடைய பாட்டுக்கும் அரைமணி நேரம் காது கொடுக்கும் மாணவன்தான், நாளை மாநாட்டுப் பந்தலில் நல்ல ரஸிகனாகிறான்.

இனிக் குறைகள். அவற்றை மூடிமறைப்பது விழாவுக்கு நன்மை செய்வதாகாது. 2014 ஆகஸ்ட் 28 அன்று, ஜாதவ்பூர் வளாகத்தில் விழா நடந்துகொண்டிருந்த வேளையில் ஒரு மாணவி பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. நியாயமான விசாரணை கேட்டு அமர்ந்த மாணவர்கள்மீது செப்டம்பர் 16 நள்ளிரவுக்குப் பின் போலீஸ் பாய்ந்தது; அதன்பின் மழையில் நனைந்தபடி ஆயிரக்கணக்கானோர் கல்கத்தா வீதிகளில் ஊர்வலம் சென்றார்கள். அந்த இயக்கம் தனக்குச் சூட்டிக்கொண்ட ‘ஹோக் கோலோரோப்’ என்ற பெயரும், ஆரவாரம் எழட்டும் என்று பொருள்படும் ஒரு பாட்டின் தலைப்பே. பாட்டு மாணவர்களைத் திரட்டியது பெருமைதான். ஆயினும் ஒரு பெண் அச்சமின்றி வந்து, அச்சமின்றித் திரும்பிப் போக இயலாத விழாவில் எத்தனை உயர்ந்த கச்சேரி நடந்தாலும் அது தோற்றுப்போன விழாவே.

2022 மே 31 அன்று நடந்ததோ தமிழ் ரஸிகர்களின் நெஞ்சையும் சுட்டது. ‘காக்க காக்க’ படத்தின் ‘உயிரின் உயிரே’யையும், ‘கில்லி’யின் ‘அப்படிப் போடு’வையும் நமக்குப் பாடித்தந்த கே.கே., ஒரு கல்லூரி விழாவுக்காக ரவீந்திர சரோவரத்தை அடுத்த நஸ்ருல் மஞ்ச் என்னும் அரங்கில் பாடிவிட்டு விடுதிக்குத் திரும்பிய சற்று நேரத்தில் உயிர் நீத்தார், வயது 53. மாரடைப்பே காரணம் என்று பரிசோதனை கூறியது. எனினும், அரங்கின் கொள்ளளவை வெகுவாக மீறிய கூட்டமும், தாங்கமுடியாத புழுக்கமும் அன்று நிலவியதாக வந்த செய்திகளை எளிதில் மறந்துவிடலாகாது. பிரபலமான ஒருவரைப் பெருந்தொகை கொடுத்து வரவழைப்பதே விழாவின் வெற்றி என்று கருதத் தொடங்கினால், கூட்டத்தின் எண்ணிக்கையே தர நிர்ணயமாகிவிடும். மேடையில் வியர்த்துக் களைத்து நிற்கும் மனிதனைக் கவனிக்க எவருக்கும் கண் இராது.

மூன்றாவது குறை கணக்கு. மேற்கு வங்காளத்துக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் மாணவர் சங்கத் தேர்தல் பல ஆண்டுகளாக நடக்கவில்லை. ஆயினும் ஜாதவ்பூரில் 2020 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்படாதவர் கையில் மாணவர் அனைவரின் பணமும் போகுமானால், அதைச் சந்தா என்று சொல்லுவதற்கில்லை. வெறும் வரி என்றே சொல்லவேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது: தேர்ந்தெடுக்கும் துணிவிலும் கேட்கும் பண்பிலும் கல்கத்தாவின் மாணவர் மேடை நாட்டிலுள்ள எந்தக் கல்லூரி மேடைக்கும் இளைத்ததன்று, பாதுகாப்பிலும் கணக்கிலும் அது இன்னும் தேறவில்லை. தேறுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாலையின் முதல் இரண்டு மணி நேரம் வளாகத்து மாணவருக்கே உரியதாகட்டும். இருக்கைக்கு மேல் ஒரு நுழைவுச்சீட்டும் கொடாதிருக்கட்டும். பெண்களின் புகாரைக் கேட்க அங்கேயே பொறுப்பானவர்கள் இருக்கட்டும். விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவைக் காகிதத்தில் எழுதி வாசலில் ஒட்டட்டும். குறைந்த கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளை அந்தக் காகிதத்தின் முன் நின்று வரிவரியாகப் படித்துப் பார்க்கும் உரிமை பெறட்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விழா நடத்தும் மாணவர்களிடமும் நான் வேண்டிக்கொள்வது இதுவே.