தொடக்கநிலைப் பாடமும் குன்றக் கூறலும்: உரையாடற் பதிவுகளைக் கூறுபடுத்தும் செய்நிரற் பயிற்சிக் கட்டுரைகள் பற்றி ஒரு நோக்கு

1

எந்தவோர் அறிவுத்துறையிலும் புதிதாகப் புகுவோர்க்கென எழுதப்படுவன அத்துறையின் எழுத்துக்களுள் கடைநிலையினவாகவே கருதப்பட்டு வந்துள்ளன. திறனாய்வாளர் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின், ஒரு துறை யாருக்கு உரியது, அதனுள் யார் எந்நிலையில் நுழையலாம் என்னும் வினாக்களுக்கு அத்துறை அளிக்கும் விடையை அதன் தொடக்கப் பாடங்களிலேயே தெளிவாகக் காணலாம். அவ்வகையில், கணினிச் செய்நிரலாக்கத்தைக் கற்பிக்கும் பயிற்சிக் கட்டுரைகள் நமது கவனத்துக்குரியன.

இக்கட்டுரைகளுள் ஒருவகையை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். வட்ஸ்அப் போன்ற சாதனங்களில் நிகழ்ந்த உரையாடலின் பதிவை ஒரு கோப்பாகப் பெற்று, அதனை வரிவரியாக வாசித்து, திகதி, நேரம், பேசியவர், செய்தி எனக் கூறுபடுத்தும் செய்நிரலைப் பைதன் மொழியில் எழுதக் கற்பிப்பன இவை. யார் மிகுதியாகப் பேசினார், எச்சொல் மிகுதியாக வழங்கிற்று என்பவற்றைக் காட்டும் வரைபடத்துடன் பாடம் முடிவுறும். கற்பவர் நன்கறிந்த பொருளிலிருந்து தொடங்குதல் நல்லாசிரியர் கையாளும் முறையே. மேலும், மொழியும் கணிதமும் சமூக உறவும் ஓரிடத்திற் சந்திக்கும் வேறொரு பாடப்பொருளைக் காண்பது அரிது. அக்காரணம் பற்றியே இவ்வகையை நாம் தேர்ந்துகொண்டோம்.

நூலுக்குரிய அழகுகள் பத்தெனவும் குற்றங்கள் பத்தெனவும் பவணந்தியார் நன்னூலில் வகுத்துள்ளார். அழகுகளுள் முதலாவது சுருங்கச் சொல்லல். குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒத்தவை, விளைவில் நேர்மாறானவை. முன்னையது பொருளை முழுமையாக வைத்துக்கொண்டு சொல்லைக் குறைக்கின்றது. பின்னையது பொருளையே குறைத்துவிடுகின்றது. நாம் எடுத்துக்கொண்ட பயிற்சிக் கட்டுரைகளிற் பெரும்பாலானவை குன்றக் கூறலையே எளிமை எனக் கொண்டுள்ளன என்பதும், அவ்வாறு குன்றியவிடத்தே கற்க வேண்டிய செய்தி தங்கிவிடுகின்றது என்பதும் நமது துணிபாகும்.

2

தொடக்கநிலையினருக்கு எழுதும் மரபு செய்நிரலாக்கத்துக்குப் புதியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனியும் தோமஸ் கேர்ட்ஸும் 1964இல் பேசிக் மொழியை உருவாக்கியபோது, விஞ்ஞானமும் கணிதமும் பயிலாத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்பதே அவர்களது நோக்கமாயிருந்தது. சிறுபான்மையினரின் கைக்கருவியாக இருந்த ஒன்றைப் பலர்க்கும் உரியதாக்கிய முயற்சி அது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிரையன் கேர்னிகனும் டெனிஸ் றிச்சியும் 1978இல் வெளியிட்ட சீ மொழி நூல், உலகுக்கு வணக்கங்கூறும் ஒரு சிறு செய்நிரலை முதற்பாடமாக வைத்தது. அது மிகச் சிறியது, எனினும் குறைபட்டதன்று. எழுதுதல், தொகுத்தல், இயக்குதல், விளைவைக் காணுதல் ஆகிய படிகள் அனைத்தும் அதனுள் அடங்கியிருந்தன. சுருங்கச் சொல்லலுக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

உரையாடற் பதிவைக் கூறுபடுத்தப் பெரிதும் பயன்படும் கருவி, றெகெக்ஸ் எனச் சுருக்கமாக வழங்கும் எழுத்துக்கோலக் குறியீடாகும். 1950களில் ஸ்டீபன் கிளீனி என்னும் கணிதவியலாளர் வகுத்த கோட்பாட்டிலிருந்து பிறந்த இதனை, எழுத்துத் தேடலுக்குரிய நடைமுறைக் கருவியாக்கும் வழியைக் கென் தொம்சன் 1968இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இத்தகைய வரலாறுடைய கருவியைப் பயிற்சிக் கட்டுரைகள் எவ்வாறு அறிமுகஞ் செய்கின்றன? அடைப்புக்களும் சாய்கோடுகளும் நிறைந்த நெடுங்குறியீடு ஒன்று முன்வைக்கப்படுகின்றது. அதனை அவ்வாறே படியெடுத்துக்கொள்ளுமாறு வாசகருக்குக் கூறப்படுகின்றது. எளிமை என்ற பெயரில் இங்கு நிகழ்வது மந்திர உபதேசமே. மாணவனை வெறுங்கலமாகக் கருதி அறிவை இட்டு நிரப்பும் கல்விமுறையைப் பாவுலோ பிறேயிறே வன்மையாகக் கண்டித்தார். அக்கண்டனம் இதற்கும் பொருந்தும்.

இதற்கு மாறான எழுத்துக்கள் இல்லாமலில்லை. அல் சுவைகார்ட் 2015இல் வெளியிட்ட தொடக்கநிலைப் பைதன் நூலில், தொலைபேசி எண்களைத் தேடும் செய்நிரல் முதலில் இக்குறியீடின்றி நீண்ட நிபந்தனைகளால் எழுதப்படுகின்றது. அந்நீட்சியின் சலிப்பை வாசகர் உணர்ந்த பின்னரே குறியீடு அறிமுகமாகின்றது. தேவையை உணர்ந்தபின் கருவியைப் பெறுவோன் அதன் பயனையும் எல்லையையும் ஒருங்கே அறிவான்.

3

இனி, குன்றிய இடங்கள் எவை எனச் சற்று நுணுகி நோக்குவோம். இப்பயிற்சிக் கட்டுரைகளின் அடிப்படையில் சொல்லப்படாத எடுகோள் ஒன்றுண்டு: ஒரு வரி ஒரு செய்தி. மெய்யான பதிவோ அவ்வாறு அமைவதில்லை. ஒருவர் இடையிடையே வரிமுறித்து எழுதிய நீண்ட செய்தியில் முதல் வரிக்கே திகதியும் பெயரும் இருக்கும். தொடரும் வரிகள் எவ்வித அடையாளமுமின்றி வரும். கோலத்துக்குப் பொருந்தாத வரிகளை விலக்கிவிடுமாறு கூறும் பாடம், விரிவாக எழுதுவோரின் பேச்சை வெட்டி எறியுமாறே கூறுகின்றது. குழுவில் ஒருவர் சேர்ந்தார், ஒருவர் நீங்கினார் என்னும் அறிவிப்புக்களோ திகதியுடையன, பேசுவோர் இல்லாதன. பெயரையும் செய்தியையும் முக்காற்புள்ளி கண்டவிடத்துப் பிரிக்குமாறு கற்பிக்கும் பாடம், நேரத்திலும் செய்தியிலும் அதே புள்ளி வருவதை மறந்துவிடுகின்றது. ‘03/04/2024, 18:20 - அக்கா: வைத்தியசாலையிற் பதிந்தாயிற்று. நேரம்: 8:30’ என்னும் ஒரு வரியிலேயே முக்காற்புள்ளி நான்கு முறை வந்துள்ளது.

திகதி பற்றிய சிக்கல் இதனினும் ஆழமானது. பதிவிலுள்ள திகதி அதனைப் பெற்ற கைத்தொலைபேசியின் பிரதேச அமைப்பைப் பின்பற்றுவது. 03/04/2024 என்பது இலங்கையில் ஏப்பிரல் 3. ஐக்கிய அமெரிக்காவில் மார்ச் 4. நாளையும் மாதத்தையும் மாற்றி வாசிக்கும் செய்நிரல் 13 முதலான நாட்களில் தடைப்பட்டு நின்றுவிடுமாயின் தவறு வெளிப்படும். ஆயின் ஒவ்வொரு மாதத்திலும் முதற் பன்னிரண்டு நாட்கள் அவ்வாறு தடைப்படா. ஆண்டொன்றில் அத்தகைய நாட்கள் 144. நாளும் மாதமும் ஒரே எண்ணாகவுள்ள 12 நாட்களை நீக்கினால், எஞ்சிய 132 நாட்களின் செய்திகள் எவ்வித எச்சரிக்கையுமின்றி வேறு திகதிக்குப் பெயர்ந்துவிடும். டேற்யூட்டில் போன்ற நெகிழ்வான திகதி வாசிப்புக் கருவிகளோ, வேறு கட்டளை இல்லாவிடின் மாதத்தை முன்னதாகக் கொண்டு, அது பொருந்தாதவிடத்து மட்டும் நாளை முன்னதாகக் கொள்கின்றன. ஒரே கோப்பில் இரு வழக்குகள் கலக்கின்றன. செய்நிரல் ஓடி முடிகின்றது. வரைபடமும் அழகாகவே அமைகின்றது. உரையாடற் பதிவுகள் நீதிமன்றங்களிலே சான்றாக முன்வைக்கப்படும் இக்காலத்தில் இதனைச் சிறு தவறு எனக் கொள்ள முடியாது.

யார் மிகுதியாகப் பேசினார் என்னும் வினாவையும் இவ்விடத்தே நோக்குதல் தகும். படங்களும் ஒலிகளும் நீக்கிப் பெறப்பட்ட பதிவில், குரற்செய்தி இருந்த இடத்தில் ஓர் இடக்குறிப்பு மாத்திரமே எஞ்சும். எழுத்திற் பழக்கம் குறைந்தோர், கண்பார்வை மங்கிய முதியோர், வேலைக்கிடையே தட்டெழுத நேரமற்றோர் ஆகியோர் குரலையே நாடக்கூடியவர்கள். அவர்களது ஐந்து நிமிடப் பேச்சு, சொல்லெண்ணிக்கையில் ஓரிரு சொற்களாகச் சுருங்கிவிடுகின்றது. எழுத்தறிவின் ஏற்றத்தாழ்வு இவ்வாறு எண்களின் தோற்றத்தில் மறைந்து நிற்பதைப் பயிற்சிக் கட்டுரைகள் சுட்டுவதில்லை.

4

தமிழில் நிகழும் உரையாடல்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் வெளிப்படையானது. சொற்களை எண்ணுவதற்கு, பைதனின் றெகெக்ஸ் தொகுதியில் ‘சொல்லெழுத்து’ என்பதைக் குறிக்கும் குறியீட்டைப் பயன்படுத்துமாறு பாடங்கள் கூறுகின்றன. அக்குறியீடு எழுத்துக்களையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். யுனிகோட் ஒழுங்கிலோ தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்துக்களாகவன்றிச் சார்குறிகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல்லை அக்குறியீட்டாற் பிரித்தால் ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகள் கிடைக்கும். ‘அம்மா’ என்பது ‘அம’ எனவும் ‘ம’ எனவும் சிதையும். எழுத்துக்களை எண்ணுமாறு கேட்டால், நமது இலக்கண மரபு மூன்றெனக் கொள்ளும் ‘தமிழ்’ என்னும் சொல்லுக்குப் பைதன் ஐந்து என விடையளிக்கும்.

இதனைத் தமிழின் குறைபாடாகவோ கணினியின் இயல்பாகவோ கொள்ளுதல் தவறு. சார்குறிகளையும் சொல்லின் உறுப்புக்களாகக் கொள்ளுமாறு யுனிகோட் அமைப்பின் வழிகாட்டுரையே கூறுகின்றது. பைதனுக்கெனத் தனியாகக் கிடைக்கும் வேறொரு தொகுதி அவ்வாறே செய்கின்றது. எனவே இது மனிதர் செய்த தெரிவு, மாற்றத்தக்க தெரிவு. ஆங்கிலம் மட்டுமே உள்ள மாதிரிக்கோப்பைக் கொண்டு பாடம் எழுதியவருக்கு இத்தெரிவு புலப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆயின் அப்பாடத்தைத் தமிழாக்குவோரும் மாதிரிக்கோப்பை மாற்றாது விளக்கத்தை மட்டும் மொழிபெயர்ப்பாராயின், தமிழ் மாணவன் தன் மொழியைத் தானே சிதைக்கும் செய்நிரலைத் தமிழிலேயே கற்றவனாவான். அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தும் பாடநூல்களைத் தமிழாக்கியும் பணிபுரிந்தார். அறிவியலைத் தமிழிற் பயிற்றும் முயற்சிக்கு இத்தகைய நெடிய மரபுடைய மண்ணில், மொழிபெயர்ப்போடு நின்றுவிடுதல் போதாது.

5

கூறுபடுத்தப்படும் செய்தி யாருடையது என்னும் வினாவும் உண்டு. ‘உங்கள் நண்பர் குழுவின் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள்’ என இலகுவாகக் கூறப்படும் தொடருக்குள், சம்மதம் அளிக்காத பலரின் பேச்சு அடங்கியுள்ளது. பதிவிலுள்ள பெயர்களும் அதனைப் பெற்றவர் தமது தொலைபேசியிற் சேமித்த பெயர்களே. பெயரை நீக்கி எண்ணை இட்டால் போதும் எனச் சிலர் கருதலாம். 2006இல் ஏஓஎல் நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பயனாளரின் தேடற் சொற்களை, பெயர்களுக்குப் பதிலாக எண்களையிட்டு ஆய்வுக்கென வெளியிட்டது. அச்சொற்களைக் கொண்டே ஒருவரை நியூயோர்க் ரைம்ஸ் நிருபர்கள் இனங்கண்டனர். தேடற் சொற்களே ஒருவரைக் காட்டிக்கொடுக்குமாயின் உரையாடலைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. கற்பவர் தாமே புனைந்த ஒரு சிறு உரையாடலோடு பாடத்தைத் தொடங்குதல் இதற்குத் தக்க மாற்றாகும். வேண்டிய சிக்கல்களை வேண்டிய இடத்தில் வைக்கவும் அது துணைபுரியும்.

6

இவ்வளவையும் முதற்பாடத்திலேயே புகுத்தினால் கற்பவர் அஞ்சி ஓடிவிடமாட்டாரா என்னும் மறுப்பு நியாயமானது. எல்லாச் சிக்கல்களையும் முதற்பாடத்தில் தீர்க்குமாறு நாம் கோரவில்லை. சிக்கல் உண்டு என்பதை மறையாதிருத்தலையே கோருகின்றோம். அதற்கு இரண்டு மூன்று வரிகள் போதும். கோலத்துக்குப் பொருந்தாத வரிகளை எறிந்துவிடாது தனியொரு பட்டியலிற் சேர்த்து, இத்தனை வரிகள் விளங்கவில்லை என இறுதியில் அச்சிடுமாறு செய்நிரலை அமைக்கலாம். அவ்வெண்ணைக் காணும் மாணவன் அப்பட்டியலைத் திறந்து பார்ப்பான். முறிந்த வரியையும் பேசுவோரில்லா அறிவிப்பையும் தானே கண்டுபிடிப்பான். பட்டியலுக்குள் வராத தவறுகளும் உண்டு. இடம்மாறிய திகதி அத்தகையது. அதற்கெனப் பத்து வரிகளைத் தெரிந்தெடுத்து, செய்நிரல் கூறும் விடையை மூலத்தோடு கண்ணால் ஒப்புநோக்கும் பயிற்சியைச் சேர்த்தல் வேண்டும்.

கேட்ட மாத்திரத்திற் செய்நிரலை எழுதித்தரும் பொறிகள் இன்று வந்துவிட்டன. ஆகவே ஓடும் செய்நிரல் ஒன்றைப் பெற்றுக்கொடுத்தல் மாத்திரமே பயிற்சிக் கட்டுரையின் பணியாயின், அப்பணி முடிவுற்றதெனலாம். ஓடுகின்ற செய்நிரல் கூறுவது உண்மைதானா என வினவுதல், எது விடுபட்டது என எண்ணுதல், யாருடைய பேச்சு வெட்டுண்டது எனக் காணுதல் ஆகியன எஞ்சியுள்ளன. இவை அறிஞருக்கு மட்டும் உரியன. தொடக்கநிலையினர் படியெடுத்தால் போதும் எனப் பிரிப்பது, கருவியைச் செய்வோர் ஒரு சாரார், அதற்கு உட்படுவோர் மறுசாரார் என்னும் பிரிவினையைப் பாடசாலைப் பருவத்திலேயே நிலைநிறுத்துவதாகும். நமது பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் இணைந்து, தமிழ் உரையாடலையே மாதிரியாகக் கொண்டு, விளங்காத வரிகளை எண்ணிக் காட்டும் தொடக்கப் பாடமொன்றை ஆக்குதல் இன்று செய்யத்தக்க பணியாகும்.